தாய்ப்பலகையை மாற்றும்போது இயங்குதளத்தைக் காத்தல்

கோடை மழையுடன் வரும் மின்னலாலோ, மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்குவதாலோ கணிப்பொறியின் தாய்ப்பலகை கெட்டுப்போவது பள்ளிகளுக்கும் வட்டார அலுவலகங்களுக்கும் புதிய அனுபவமன்று. மதர்போர்டு என்று பழுதுபார்ப்போர் வழங்கும் இப்பலகையே செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது. அது கெட்டால் கணிப்பொறி உயிரற்றுப் போகிறது. ஆயினும் வன்தட்டு பெரும்பாலும் கெடுவதில்லை; மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், களத்தில் திரட்டிய மண் பரிசோதனைக் குறிப்புகள், பயனாளிகளின் பதிவேடு எல்லாம் அதில் எழுதியபடியே இருக்கின்றன. புதிய பலகையைப் பொருத்திப் பழைய வன்தட்டை அதனுடன் இணைத்தால் யாவும் முன்போல் நடைபெறும் என எதிர்பார்ப்பது இயல்பே. பல சமயங்களில் அவ்வாறே நடைபெறவும் செய்கிறது. சில சமயங்களிலோ திரை நீலமாகி நின்றுவிடுகிறது. அல்லது உபயோகிப்பவர் கேள்வியும்பட்டிராத 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அந்த எண் கைவசம் இல்லையாயின், பழுதே இல்லாத வன்தட்டிலிருந்தும் ஓர் எழுத்தைக்கூட மீட்க இயலாது.

முதற்கண் ஒன்றை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். மலிவான சில மடிக்கணினிகளிலும் கைக்கணினிகளிலும் சேமிப்பகம் தனி உறுப்பாக இல்லாமல் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கருவியில் பலகையை மாற்றினால் சேமிப்பகமும் அதனுடன் போய்விடுகிறது. அங்குக் காப்பதற்கு இயங்குதளம் ஏதுமில்லை. வேறிடத்தில் எடுத்து வைத்த நகல் ஒன்றே துணை. கீழே கூறப்படுவன யாவும், வன்தட்டையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி மறுபடி மாட்டத்தக்க கணிப்பொறிகளுக்கே பொருந்தும்.

தொடக்கத்தில் நிகழ்வன

இயங்குதளம் என்பது வன்தட்டில் எழுதப்பட்ட நிரல்களின் தொகுதியேயன்றி வேறன்று. அவ்வாறிருக்க, அது பலகையைச் சார்ந்திருப்பது ஏன்? மின்விசையை அழுத்தியது முதல் நிகழ்வனவற்றை வரிசையாகக் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும்.

விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது இயங்குதளமன்று. தாய்ப்பலகையின் சிறிய சில்லு ஒன்றில் தங்கியுள்ள நிலைபொருளே முதலில் இயங்குகிறது. 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்த காலந்தொட்டு இதனைப் பயாஸ் என்று வழங்கி வந்தனர். இன்றைய பலகைகளில் அதன் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் விரிவான அமைப்பு பெற்றுள்ளது. இந்நிலைபொருள் உறுப்புகளைச் சோதித்து, வன்தட்டைக் கண்டறிந்து, அதன் குறித்ததொரு பகுதியிலுள்ள தொடக்க நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. தொடக்க நிரல், இயங்குதளத்தின் மையக் கருவையும் அதற்கு உடனடியாகத் தேவையான சில இயக்கி நிரல்களையும் ஏற்றிப் பொறுப்பை ஒப்படைக்கிறது. அதுவரையில் வன்தட்டைப் படித்துக் கொடுத்து வந்தது நிலைபொருள். அக்கணம் முதல் கருவே தன் கையால் அதைப் படித்தாக வேண்டும்.

இக்கைமாற்றத்தில் மூன்று இடங்களில் பலகையின் சார்பு நுழைகிறது. நிலைபொருள் தொடக்க நிரலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று. கரு வன்தட்டைப் படிக்க உதவும் இயக்கி நிரல் மற்றொன்று. வன்தட்டு பூட்டப்பட்டிருப்பின் அதன் திறவுகோல் மூன்றாவது. முதல் இரண்டும் தவறினால் சிறிது முயற்சியால் சரிசெய்துவிடலாம். மூன்றாவது தவறினால் பரிகாரமில்லை.

இயக்கி நிரல்கள்

புதிய பலகையின் வன்தட்டுக் கட்டுப்படுத்தி பழையதினின்றும் வேறுபட்டதாயின், அதற்குரிய இயக்கி நிரல் கருவுக்குத் தேவைப்படுகிறது. அந்நிரலோ, இன்னும் படிக்க முடியாத அதே வன்தட்டில் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது. இந்நிலையில் விண்டோஸ், தொடக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்னும் பொருள்பட்ட அறிவிப்புடன் நின்றுவிடும். பழைய பதிப்புகளில் இதற்கு '7பி' என முடியும் ஒரு குறியெண் காட்டப்பட்டது. பழுதுபார்ப்போர் பலர் அந்த எண்ணாலேயே இந்நோயை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. நிறுவப்பட்ட நாளில் எந்தப் பலகையைக் கண்டதோ, அதற்கு ஏற்ற இயக்கிகளையே தொடக்கத்தில் ஏற்றும். கருவுக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று வேறுபாடுகளை மறைக்கும் ஹால் என்னும் இடையடுக்கையும் அது நிறுவும்போதே தேர்ந்துகொண்டு, பின்னர் மாற்றுவதில்லை. வேறுபட்ட பலகையில் அது எழாமற் போனதில் வியப்பில்லை. அதற்கான ஆதரவு 2014-இலேயே முடிந்துவிட்டபோதிலும், பழைய அளவைக் கருவிகளுடன் பிணைந்த கணிப்பொறிகளில் அதனை இன்னும் காணக்கூடும். அவற்றுக்கு அதே மாதிரிப் பலகையைத் தேடிப் பொருத்துவதே புத்திசாலித்தனம்.

பிற்பட்ட பதிப்புகளில் இக்கண்டிப்பு படிப்படியாகத் தளர்ந்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவை புதிய பலகையைக் கண்டால், சாதனங்கள் ஆயத்தமாகின்றன என்று திரையில் அறிவித்துச் சில நிமிடங்களில் தம்மைப் பொருத்திக்கொள்கின்றன. எனினும் ஒரு தடை மீதியுள்ளது. வன்தட்டுக் கட்டுப்படுத்தியை ஏ.எச்.சி.ஐ., ரெய்டு முதலான பல முறைகளில் இயக்கலாம். எந்த முறை என்பது நிலைபொருளின் அமைப்புப் பக்கத்தில் தீர்மானிக்கப்படுகிறது. பழைய பலகை ஒரு முறையிலும் புதியது வேறொரு முறையிலும் இருப்பின், விண்டோஸ் தடுமாறும். இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் முதற்கொண்டு வி.எம்.டி. என்னும் மற்றொரு முறையும் சேர்ந்துள்ளது. அது செயலில் இருக்கும்போது, தனி இயக்கி நிரல் இல்லாத இயங்குதளத்துக்கு வன்தட்டே கண்ணில் படாது. ஆதலால் பழைய பலகை உயிரோடிருக்கும்போதே அதன் அமைப்புப் பக்கத்தைக் கைபேசியால் படமெடுத்து வைப்பது மிகுந்த பயன் தரும். புதிய பலகையிலும் அதே முறையைத் தேர்ந்தால், இல்லாத நோய்க்கு மருந்து தேடி அலைய நேராது.

முறையை மாற்றியே தீரவேண்டிய சந்தர்ப்பத்தில் ஓர் உபாயம் உண்டு. சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு நிலையில் ஒருமுறை தொடங்கினால், விண்டோஸ் தன்னிடமுள்ள கட்டுப்படுத்தி இயக்கிகளை மீண்டும் ஆராய்ந்து உரியதைச் செயற்படுத்திக்கொள்ளும். அடுத்த முறை இயல்பாக எழுந்துவிடும். தேவையான இயக்கி வன்தட்டில் அறவே இல்லாதபோது இவ்வுபாயம் பலிக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொடக்க வழி

பழைய பயாஸ் முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளிலேயே தொடக்கக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும். வன்தட்டு எந்தப் பலகைக்குச் சென்றாலும் அக்குறிப்பும் உடன் செல்லும். யு.இ.எஃப்.ஐ. முறையிலோ, தொடக்க நிரல் வன்தட்டின் சிறிய பகுதி ஒன்றில் ஒரு கோப்பாக இருக்கிறது; அது எங்குள்ளது என்னும் முகவரி மட்டும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதிவாகிறது. பலகை மாறினால் முகவரி அழிந்துபோகும். இதற்காகவே, முகவரி ஏதும் இல்லாதபோது நிலைபொருள் தானாகச் சென்று தேடுவதற்கென்று ஒரு பொதுப் பெயரையும் இடத்தையும் விதித்துள்ளனர். விண்டோஸ் அந்த இடத்திலும் தன் தொடக்க நிரலின் நகலை வைப்பதால் பெரும்பாலும் இன்னலின்றி எழுகிறது.

இன்னல் நேர்வது இரு முறைகளும் கலக்கும்போதுதான். பழைய முறையில் நிறுவிய வன்தட்டை, யு.இ.எஃப்.ஐ. மட்டுமே அறிந்த புதிய பலகையில் மாட்டினால், தொடக்கச் சாதனம் இல்லை என்றே விடை வரும். முன்னைய பலகைகளில் பழைய முறையைப் பின்பற்றி இயங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. புதியவற்றில் பலவற்றில் அது நீக்கப்பட்டுவிட்டது. எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னும் கருவி, 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து அதனுடனேயே கிடைக்கிறது. கோப்புகளை அழிக்காமல் வன்தட்டின் பகுப்பு அட்டவணையைப் புதிய முறைக்கு அது மாற்றித் தருகிறது. ஆயினும் நகல் எடுக்காமல் அதனை ஓட்டுவது துணிச்சலாகாது, அசட்டையே.

பூட்டும் திறவுகோலும்

வன்தட்டிலுள்ள யாவற்றையும் மறையெழுத்தாக மாற்றிப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்னும் ஏற்பாடு விண்டோஸில் உள்ளது. இதன் திறவுகோலைக் காப்பது டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு. இது பலகையில் தனிச் சில்லாகவோ, செயலியுடன் இணைந்த நிலைபொருளின் பகுதியாகவோ அமையும். தொடக்கச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இது அளந்து, அளவுகள் முன்பிருந்தபடியே இருந்தால் மட்டும் திறவுகோலை வெளியிடுகிறது. கணிப்பொறி திருடுபோனாலும், வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிப் படிக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். பலகையை மாற்றும் நேர்மையான பழுதுபார்ப்பவரையும் வன்தட்டைக் கவர்ந்து சென்ற திருடனையும் இச்சில்லு வேறுபடுத்தி அறியாது. இருவருக்கும் கதவு ஒன்றுபோலவே அடைக்கப்படுகிறது.

தம் கணிப்பொறி பூட்டப்பட்டிருப்பதைப் பலர் அறிவதே இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. தகுதியுள்ள மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் முதன்முறை உள்நுழையும்போதே, எவரும் கேளாமலே இக்குறியாக்கம் தொடங்கிவிடலாம். 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் இது மேலும் பல கணிப்பொறிகளுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. ஆகவே பலகையைத் தொடுமுன் அமைப்புகள் பகுதியில் சாதனக் குறியாக்கம் அல்லது பிட்லாக்கர் செயலில் உள்ளதா என்று பார்ப்பது தவிர்க்க முடியாத கடமை.

செயலில் இருப்பின், 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே அடுத்த படி. போதிய அவகாசம் இருந்தால் குறியாக்கத்தை முற்றிலும் நீக்கிவிட்டுப் பலகையை மாற்றுவது நிம்மதி தரும். பெரிய வன்தட்டில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் அந்நிறுத்தம் சாதாரணமாக ஒரு மறுதொடக்கம் வரையில்தான் நீடிக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி எண்ணை எழுதாமல் விடுவது தகாது.

பலகை ஏற்கெனவே இறந்துபோயிருந்தால் முன்னேற்பாடு எதற்கும் வாய்ப்பில்லை. அப்போது எண்ணைத் தேட வேண்டிய இடங்கள் சிலவே. கணிப்பொறியில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை வேறொரு கணிப்பொறியிலோ கைபேசியிலோ திறந்து பார்க்கலாம். அலுவலக வலையமைப்பில் இணைந்த கணிப்பொறியாயின், அந்த வலையமைப்பின் நிர்வாகியிடம் எண் பதிவாகியிருக்கக்கூடும். முதலில் அமைத்தவர் அச்சிட்டு வைத்த தாளோ பென் டிரைவில் சேமித்த கோப்போ கிடைக்கலாம். ஒரே கணக்கில் பல கணிப்பொறிகளின் எண்கள் இருக்குமாயின், நீலத்திரையில் காணும் அடையாளக் குறியோடு ஒப்பிட்டு உரியதைத் தேர வேண்டும். இவ்விடங்களில் எங்கும் இல்லையெனில் முடிவு அதுவே. மைக்ரோசாஃப்டாலும் அதனைக் கண்டுபிடித்துத் தர இயலாது.

இந்த எண்ணின் அமைப்பு ஆசிரியர்களுக்குச் சுவையளிக்கக்கூடியது. 48 இலக்கங்களும் ஆறாறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 16 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 11-ஆல் பெருக்கி ஒவ்வொரு தொகுதியும் ஆக்கப்படுவதே இதன் காரணம். எட்டுத் தொகுதிகளும் சேர்ந்து 128 பிட்டுகளைத் தாங்குகின்றன. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. ஆதலால் எந்தத் தொகுதியும் 7,20,885-ஐ விஞ்சாது.

பள்ளிக் கணக்கில் கற்பிக்கும் 11-இன் வகுபடு விதி இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. உதாரணமாக, ஒரு தொகுதி 314259 என்று கொள்வோம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களின் கூட்டல் 3+4+5=12. எஞ்சியவற்றின் கூட்டல் 1+2+9=12. வித்தியாசம் சுழியாதலால் தொகுதி சரியானது. எழுதும்போது கை தவறி 341259 என்று எழுதிவிட்டால், கூட்டல்கள் 9, 15 என அமைந்து வித்தியாசம் 6 ஆகும். 6 என்பது 11-இன் மடங்கன்று, பிழை வெளிப்பட்டுவிட்டது. ஒரே ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் இச்சோதனை தவறாமல் காட்டிக்கொடுக்கும். தொகுதிகளே ஒன்றோடொன்று இடம் மாறினால் மட்டும் காட்டாது. அதற்காக 1 முதல் 8 வரை வரிசையெண் இட்டு, வரிக்கு ஒரு தொகுதியாக எழுதுவது நலம். பழுதுபார்ப்பதற்கு முன்தினமே, பழைய கணிப்பொறி இன்னும் எழுந்துகொண்டிருக்கும்போதே இச்சோதனையைச் செய்து முடித்துவிட வேண்டும்.

லினக்ஸ் கணிப்பொறிகள்

சென்னை சி-டாக் நிலையத்தில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸோ, கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் உபுண்டு வழிவந்த பதிப்போ உள்ள கணிப்பொறியில் பலகை மாற்றம் இயக்கி நிரல்களைப் பொறுத்தவரை எளிதானது. லினக்ஸ் கரு ஒவ்வொரு தொடக்கத்திலும் எதிர்ப்படும் வன்பொருளைப் புதிதாகவே விசாரித்து, உரிய இயக்கிகளைத் தன் பெருந்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நேற்றைய பலகையின் நினைவு அதற்குத் தேவையில்லை. வன்தட்டின் பகுதிகளையும் அது பொருத்திய இடத்தைக் கொண்டு அறியாமல், பகுதியிலேயே எழுதப்பட்ட 128 பிட் அடையாளத்தைக் கொண்டு அறிவதால், வேறு துளையில் மாட்டினாலும் குழப்பமில்லை. லக்ஸ் முறையில் பூட்டியிருந்தாலும், வழக்கமாக அதன் திறவுகோல் மனிதர் நினைவிலுள்ள கடவுச்சொல்லே; பலகை மாறுவதால் அது மாறாது.

தொடக்க வழியில்தான் லினக்ஸ் இடறுகிறது. முன்னர் கூறிய பொதுவிடத்தில் நகல் வைக்கும் வழக்கம் டெபியன் வகைப் பதிப்புகளில் இயல்பாக இல்லாதிருக்கலாம். பாஸ் அவ்வகையைச் சேர்ந்ததே. முகவரி அழிந்த பலகை, நல்ல வன்தட்டைப் பார்த்தும் ஒன்றுமில்லை என்கிறது. இயங்குதளம் அழிந்துவிட்டதென எண்ணி மறுபடி நிறுவத் தொடங்குவதுதான் இங்கு நேரும் பெருந்தவறு. அமைப்புப் பக்கத்தில் தொடக்கக் கோப்பைக் கையால் சுட்டினாலோ, நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கித் தொடக்க நிரலை மட்டும் மீண்டும் பதித்தாலோ போதும்.

உரிமம்

விண்டோஸ் தன் உரிமத்தைக் கணிப்பொறியின் உறுப்புகளோடு பிணைத்து வைக்கிறது. அவற்றுள் தாய்ப்பலகைக்கே கனம் அதிகம். பலகை மாறினால் வேறொரு கணிப்பொறி என்றே கருதும். இதனால் பதற வேண்டியதில்லை. செயற்படுத்தப்படாத விண்டோஸும் இயங்கும், கோப்புகளும் திறக்கும். திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு நிற்கும், தோற்ற அமைப்புகள் சில மறுக்கப்படும். தனியே விலைக்கு வாங்கிய உரிமத்தைப் புதிய பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணிப்பொறியுடன் சேர்ந்து வந்த உரிமம் அந்தப் பலகைக்கே உரியது. பழுதான பலகைக்கு ஈடாகத் தயாரிப்பாளர் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுப்பது மட்டும் விலக்கு. 2016 முதல், உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் முன்கூட்டியே இணைத்து வைத்து, வன்பொருளை மாற்றியதாக அறிவித்து மீட்கும் வழியும் உள்ளது.

புதிய பலகை வாங்கும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 இருக்க வேண்டும் என்கிறது. அது இல்லாத பழைய பலகையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், அடுத்த ஆண்டே மீண்டும் செலவு காத்திருக்கும்.

எழுந்த பின்னர்

புதிய பலகையில் இயங்குதளம் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். தேதி தவறாக இருந்தால் இணையத் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். இணைப்பே கெட்டுவிட்டதென்று பலர் வீணே வருந்துவர். வலைச் சில்லும் புதிதாகையால் அதன் முகவரி மாறியிருக்கும். ஆய்வுக்கூட வலையமைப்பில் முகவரியைப் பதிந்தே அனுமதிக்கும் வழக்கமிருந்தால், புதியதைப் பதியும்வரை இணைப்புக் கிடைக்காது. அச்சில்லுக்குரிய இயக்கி நிரலை முன்னதாகவே ஒரு பென் டிரைவில் வைத்திருப்பது நல்லது. இணையம் இல்லாமல் இணைய இயக்கியை இறக்க முடியாதன்றோ. உள்நுழையப் பயன்படும் பின் எண்ணும் பழைய சில்லோடு போய்விட்டதாதலால் ஏற்கப்படாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத் தந்து புதிய எண் அமைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, நீக்கிய குறியாக்கத்தை மீண்டும் செயற்படுத்தும்போது புதிய 48 இலக்க எண் பிறக்கிறது. பழைய தாள் இனி எதையும் திறக்காது. அதனை அடித்துவிட்டு, புதிய எண்ணை 11-ஆல் சோதித்து, தேதியும் கணிப்பொறியின் இருப்புப் பதிவெண்ணும் இட்டு உறையிலடைத்து, பொறுப்பாளரின் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும்.